ஹெரால்டும் இன்னோவாவும்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பழைய காரின் எடை ஏறத்தாழ 800 கிலோ. நாலு பேர் உட்காரலாம். டொயோட்டாவின் இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட் 1,600 கிலோவைத் தாண்டும். எட்டு பேர் வரை உட்காரலாம். ஆளுக்கு வகுத்துப் பார்த்தால் இரண்டிலும் 200 கிலோ சொச்சம்தான் வருகிறது. இன்றைய வண்டிகள் கொழுத்துப்போய்விட்டன என்று பழைய கார் பிரியர்கள் குறைப்படுவதுண்டு. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது எடைமேடையில் தெரிவதில்லை.

பெட்ரோல் கணக்கு இன்னும் விசித்திரம். 1959-இல் இங்கிலாந்தின் 'தி மோட்டார்' இதழ் ஹெரால்டை ஓட்டிச் சோதித்தபோது கிடைத்த மைலேஜ், நம் அளவில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர். ஹைகிராஸ் ஹைபிரிட்டுக்கு நிறுவனம் சொல்வது 23.24. சோதனைக்கூட மைலேஜ் சாலையில் கிடைப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதில் கால் பங்கைக் கழித்தாலும் 17 நிற்கிறது. எஞ்சின் திறனோ ஒன்றில் சுமார் 35 குதிரைத்திறன், மற்றதில் மின்மோட்டாரையும் சேர்த்து சுமார் 185. எடை இரு மடங்கு, திறன் ஐந்து மடங்கு, குடிக்கும் பெட்ரோல் மட்டும் குறைவு. அப்படியென்றால் அந்தச் சின்னக் கார் குடித்த பெட்ரோல் எங்கே போயிற்று?

அதற்கு முன் ஹெரால்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்துவிடலாம். பிரிட்டனில் டிரையம்ஃப் என்ற பெயரில் 1959 ஏப்ரலில் வெளிவந்த கார் இது. உடலை வரைந்தவர் இத்தாலியின் தூரின் நகரத்து வடிவமைப்பாளர் ஜோவானி மிக்கெலாட்டி. அப்போதே பல கார்கள் தனிச் சட்டத்தை (சேஸி) கைவிட்டு, உடலையே சட்டமாகக் கட்டும் முறைக்கு மாறியிருந்தன. ஹெரால்டு மாறவில்லை. அதற்குக் காரணம் பழமைப்பற்று அல்ல. ஹெரால்டைச் செய்த ஸ்டாண்டர்டு டிரையம்ஃபுக்கு உடல் தகடு அடித்துக்கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தை, போட்டியாளரான பி.எம்.சி. 1953-இல் வாங்கிவிட்டது. முழு உடலையும் அடித்துத் தர ஆள் இல்லை. ஆகவே துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்வித்து, ஒரு சட்டத்தின் மேல் வைத்து போல்ட் போட்டு முறுக்கினார்கள்.

நெருக்கடியில் பிறந்த அந்த ஏற்பாடு கப்பலில் உதிரிகளாக அனுப்பவும் வாகாக அமைந்தது. சென்னைக்குத் தெற்கே, வண்டலூர் பக்கத்தில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961 முதல் ஹெரால்டைக் கட்டியது. உத்தர்பாராவின் அம்பாசிடர், பம்பாயின் ஃபியட், மதராஸின் ஹெரால்டு: அந்நாளில் இந்தியாவில் கார் வாங்க நினைத்தவருக்கு இருந்த தேர்வு இவ்வளவுதான். பிறகு நம் ஆட்கள் அதற்கு நாலு கதவும் வைத்தார்கள்; நாலு கதவு ஹெரால்டு பிரிட்டனில் கிடையாது.

அதன் பானட்டைத் திறப்பதே ஒரு காட்சி. கண்ணாடிக்கு முன்னால் உள்ள மூடி மட்டும் தூக்காது. இருபுற மட்கார்டு, முகப்பு விளக்குகள் எல்லாம் சேர்ந்து முன்மூக்கு மொத்தமும் எதிர்ப்பக்கமாகச் சாயும். மெக்கானிக் முன்சக்கர டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயிண்ட் இடைவெளியில் 0.4 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜைச் செருகி, சற்றே உரசியபடி உள்ளே போகிறதா என்று விரலால் உணர்ந்து திருகை இறுக்குவார். கார் ஓடுவதும் ஓடாததும் அந்த உரசலில் இருந்தது. எஞ்சினின் இருபக்கமும் வெறும் இடம். அந்த இடம் இருந்ததால்தான் முன்சக்கரங்கள் வேண்டிய மட்டும் மடங்கின. 7.6 மீட்டர் வட்டத்துக்குள் ஹெரால்டு முழுசாகத் திரும்பிவிடும்; லண்டன் டாக்ஸிக்குச் சமம். இன்றைய பெரிய வண்டிகளுக்கு 11 மீட்டர் அளவில் வேண்டும். எஞ்சினைக் குறுக்கே படுக்கவைத்து முன்சக்கரங்களையே ஓட்டச் செய்யும்போது, சக்கரம் மடங்கவேண்டிய இடத்தை எஞ்சினும் ஆக்சிலும் எடுத்துக்கொள்கின்றன.

இந்தக் குறுக்கு எஞ்சின் யோசனையைப் பிரபலமாக்கியது, அதே 1959 ஆகஸ்டில் வெளிவந்த மினி. அலெக் இசிகோனிஸ் கட்டிய அந்தக் காரின் நீளம் 3.05 மீட்டர், எஞ்சினைக் குறுக்கே திருப்பிப் போட்டதால் மிச்சமான இடம் முழுதும் ஆட்களுக்குப் போயிற்று. அந்த ஆண்டு இன்னும் இரண்டு காரியங்கள் நடந்தன. வால்வோவின் பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கிய மூன்றுமுனை சீட்பெல்ட் விற்பனைக் கார்களில் ஏறியது. மெர்சிடஸின் பேலா பாரேனி காப்புரிமை பெற்றிருந்த 'நசுங்கும் முன்பகுதி' ஒரு புதிய மாடலில் முதன்முறையாக இடம்பெற்றது. இன்றைய குடும்ப வண்டியின் முக்கால்வாசி யோசனைகள் ஹெரால்டு பிறந்த ஆண்டிலேயே பிறந்துவிட்டன. ஹெரால்டுக்கு அவை கிட்டவில்லை, அவ்வளவுதான்.

இன்னோவாவுக்கும் அவை ஒரே நாளில் வந்துவிடவில்லை. 2005-இல் வந்த முதல் இன்னோவாவும் 2016-இல் வந்த கிறிஸ்டாவும் எலும்புக்கூட்டில் ஹெரால்டின் இனம்: தனிச் சட்டம், நீளவாக்கில் எஞ்சின், பின்சக்கர ஓட்டம். 2022-இல் அறிமுகமான ஹைகிராஸில்தான் சட்டம் போய், உடலே சட்டமாயிற்று. எஞ்சின் குறுக்கே திரும்பியது.

இனி பெட்ரோலுக்கு வருவோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் உள்ளது. ஹெரால்டு காலத்து எஞ்சின் மிகத் தோதான வேகத்தில், தோதான சுமையில் ஓடினாலும் அதில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும். மீதி ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெறும் சூடாகப் போய்விடும். ஹைகிராஸின் எஞ்சின் குடும்பத்துக்கு டொயோட்டா சொல்லும் உச்ச அளவு 40 சதவீதத்தை ஒட்டியது. கால் பங்கு எப்படி நாற்பது சதவீதமானது என்பதுதான் அறுபது ஆண்டு எஞ்சின் பொறியியலின் சாரம்.

சிலிண்டருக்குள் வெடித்த வாயு எவ்வளவு தூரம் விரிகிறதோ, அவ்வளவு வேலையை அதிலிருந்து கறக்கலாம். விரிய வேண்டுமானால் முதலில் நன்றாக அமுக்க வேண்டும். ஹெரால்டின் அமுக்க விகிதம் 8-ஐ ஒட்டியது. அதற்கு மேல் போனால் அன்றைய பெட்ரோல் தீப்பொறியின் சுடர் வந்து சேருமுன்பே தானாக வெடித்து எஞ்சின் தட்டத் தொடங்கும். அந்தத் தட்டலை அடக்கத்தான் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தார்கள். இந்தியா அந்த நஞ்சிலிருந்து விடுபட 2000-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஹைகிராஸ் ஹைபிரிட்டில் விகிதம் 13-க்கு மேல். தட்டல் தொடங்கும் அதிர்வை ஓர் உணரி கண்டுபிடித்து, அடுத்த சுற்றிலேயே தீப்பொறியைத் தாமதப்படுத்திவிடும்.

அதோடு அட்கின்சன் சுழற்சி என்று ஓர் உத்தி. பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் உள்வால்வைக் கொஞ்ச நேரம் திறந்தே வைத்து, உள்ளே வந்த காற்றில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அமுக்கும் அளவு குறையும், விரியும் அளவு குறையாது. சைலன்சருக்குப் போகும் சூட்டில் கொஞ்சம் சக்கரத்துக்கு வரும். இதில் ஒரு கேடு உண்டு: குறைந்த வேகத்தில் எஞ்சினுக்கு இழுவை இருக்காது, பிக்கப் செத்துவிடும். தனியாக விட்டால் யாரும் இந்த எஞ்சினை விரும்ப மாட்டார்கள். ஆனால் மின்மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையும் தரக்கூடியது. எஞ்சின் எங்கே சோர்கிறதோ அங்கே மோட்டார் தோள் கொடுக்கிறது.

சிக்கன எஞ்சின் கதை பாதிதான். மறு பாதி பிரேக்கில் இருக்கிறது.

சென்னையின் ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு சிக்னல். மணிக்கு 40 கிலோமீட்டரில் வந்த வண்டி நிற்க வேண்டும். இரண்டு பேரை ஏற்றிய ஹெரால்டு 950 கிலோ என்று வைத்தால், அதன் இயக்க ஆற்றல் சுமார் 59 கிலோஜூல். அதே இரண்டு பேரோடு ஹைகிராஸ் 1,800 கிலோ, 111 கிலோஜூல். பழைய காரில் அந்த 59-உம் பிரேக் டிரம்மில் சூடாகிக் காற்றில் கலந்துவிடும். நகர ஓட்டத்தில் எஞ்சின் 20 சதவீதம்தான் வேலை செய்கிறது என்று கொண்டால், நூறு சொச்சம் தடவை நின்று கிளம்பினாலே ஒரு லிட்டர் பெட்ரோல் காலி. ஹைகிராஸின் எடையில் பழைய எஞ்சினையும் பழைய பிரேக்கையும் போட்டால் அறுபது தடவைக்குள் ஒரு லிட்டர் போய்விடும். எடைக்கு அபராதம் கட்டுமிடம் சிக்னல்தான்.

ஹைபிரிட்டில் பிரேக்கை மெதுவாக அழுத்தும்போது முதலில் வேலை செய்வது பிரேக் பேடு அல்ல. சக்கரமே மோட்டாரைச் சுற்றுகிறது; மோட்டார் ஜெனரேட்டராகிப் பேட்டரியில் மின்சாரத்தைப் போடுகிறது. எல்லாம் திரும்பி வந்துவிடாது. பாதி திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 111-இல் உண்மையான இழப்பு 55 கிலோஜூல். இரு மடங்கு எடையுள்ள வண்டி ஒரு சிக்னலில் இழப்பது, ஹெரால்டு இழந்த 59-ஐவிடக் குறைவாகிவிட்டது! அது மட்டுமா, நிற்கும் நேரமெல்லாம் எஞ்சினும் அணைந்தே கிடக்கிறது. ஹெரால்டோ பச்சை விழும்வரை சும்மா உறுமிக்கொண்டு பெட்ரோலைக் குடிக்கும்.

புறவழிச்சாலை ஏறி 100-இல் போகும்போது இந்தக் கணக்கு மாறும். அங்கே நிற்பதும் கிளம்புவதும் இல்லை. திரும்பப் பெறுவதற்கும் எதுவும் இல்லை. எதிரி காற்று. அகலத்தையும் உயரத்தையும் பெருக்கினால் ஹெரால்டு காற்றில் வெட்டிக்கொண்டு போகும் செவ்வகம் 2 சதுர மீட்டர், ஹைகிராஸுடையது 3.3. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும். வடிவத்தை எவ்வளவு வழவழப்பாக்கினாலும் ஆள் நிமிர்ந்து உட்காரும் மூன்று வரிசை வண்டிக்கு இந்தச் செலவு தவிர்க்க முடியாதது. ஹைபிரிட் வாங்கிவிட்டு நெடுஞ்சாலையில் மைலேஜ் வரவில்லையே என்று ஏமாறுகிறவர்களுக்கான பதில் இந்தச் செவ்வகத்தில் உள்ளது.

புகையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். கார்புரேட்டரால் அந்த விகிதத்தை ஒரு நிமிடம்கூடத் துல்லியமாகப் பிடித்துவைக்க முடியாது. குளிர்ந்த காலையில் சோக்கை இழுத்தால் பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே வெளியே வரும். புகையைச் சுத்தப்படுத்தும் வினைவேக மாற்றி (கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்) வேலை செய்ய அந்த 14.7-ஐ ஒட்டியே இருந்தாக வேண்டும். ஆகவே ஆக்சிஜன் உணரியும் கணினியும் இல்லாமல் சுத்தமான புகை கிடையாது. இந்த விஷயத்தில் பழைய கார்களுக்காக வாதாட என்னிடம் ஒன்றுமில்லை.

மோதல் வேறு வகை. இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்றுக்குத்தான் விளம்பரங்களில் பதில் வருகிறது.

முதல் கேள்வி, உள்ளே இருப்பவர் பிழைப்பாரா? மணிக்கு 50 கிலோமீட்டரில் சுவரில் மோதுவது மூன்றாம் மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். உயிரைத் தீர்மானிப்பது வேகம் அல்ல, அந்த வேகம் எவ்வளவு தூரத்தில் பூஜ்யமாகிறது என்பதுதான். சீட்பெல்ட் இல்லாதவரின் நெஞ்சு ஸ்டீயரிங்கில் மோதி 10 சென்டிமீட்டரில் நின்றால், உடல் தன் எடையைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு விசையைத் தாங்க வேண்டும். 70 கிலோ ஆளுக்கு அது 7 டன். முன்பகுதி நசுங்கும்போதே பெல்ட்டும் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்து, அவர் 60 சென்டிமீட்டர் தூரத்தில் நின்றால் 16 மடங்கு. ஒரு டன் சொச்சம். விலா எலும்பு முறியலாம், பிழைத்துவிடுவார். இன்றைய வண்டியின் முன்பகுதி நசுங்குவதைப் பார்த்து 'தகரம்' என்று ஏளனம் செய்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு எண்களையும் சொல்லத் தோன்றும். அது நசுங்கும்படி கணக்கிட்டுச் செய்தது. நசுங்காமல் நிற்க வேண்டியது ஆள் உட்காரும் கூடு மட்டுமே. ஹெரால்டின் சட்டம் கெட்டியானதுதான். அந்தக் கெட்டித்தனம் மோதலின் விசையை நேராக ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இரண்டாம் கேள்வி, எதிரே இருப்பவர்? ஹெரால்டும் ஹைகிராஸும் ஆளுக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதுவதாக வைத்து, உந்த அழிவின்மை விதியைப் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டு ஹைகிராஸ் போன திசையிலேயே மணிக்கு 15 கிலோமீட்டரில் நகரும். ஹைகிராஸுக்கு வேக மாற்றம் 35. ஹெரால்டுக்கு 65, ஏனென்றால் அது நிற்பதோடு முடியவில்லை, பின்னோக்கித் தள்ளவும்படுகிறது. எடை ஒருவருக்குத் தரும் பாதுகாப்பு, எதிரில் வருகிறவர் கணக்கிலிருந்து எடுத்தது. இந்தியச் சாலைகளில் சாகிறவர்களில் பெரும்பங்கு இருசக்கர வாகனத்தில் போகிறவர்களும் நடந்து போகிறவர்களும். அவர்களுக்கு நசுங்கும் முன்பகுதியும் இல்லை, ஏர்பேக்கும் இல்லை. உள்ளே எத்தனை ஏர்பேக் என்று எண்ணிப் பார்த்து வாங்குகிற நாம், வெளியே இருப்பவருக்கு அந்த வண்டி என்ன செய்யும் என்று ஷோரூமில் கேட்பதே இல்லை. அது கேட்க வேண்டிய கேள்வி.

அதற்குள்ளேயே இன்னொரு சின்ன விஷயம் ஒளிந்திருக்கிறது: முன்கண்ணாடியின் இருபக்கத் தூண். நம் இரு கண்களுக்கும் நடுவே சுமார் 6.5 சென்டிமீட்டர். தூண் அதைவிட மெலிந்திருந்தால், ஒரு கண்ணுக்கு மறைவதை மற்ற கண் பார்த்துவிடும். தூரத்தில் எதுவும் முழுதாக மறையாது. ஹெரால்டு காலத்துக் கார்களின் மெல்லிய தூண்கள் இந்த எல்லையை ஒட்டியே இருந்தன. இன்று வண்டி உருண்டாலும் கூரை நொறுங்கக் கூடாது, தூணுக்குள் ஏர்பேக்கும் வேண்டும். கண்ணிலிருந்து 70 சென்டிமீட்டரில் 12 சென்டிமீட்டர் தடிமனுள்ள ஒரு தூணை வைத்துக் கணக்குப் போட்டேன். 15 மீட்டர் தூரத்தில் ஒன்றேகால் மீட்டர் அகலம் இரு கண்ணுக்கும் மறைகிறது. நேரே வரும் ஸ்கூட்டியும் அதில் இருப்பவரும் மறைய அது போதும். ரவுண்டானாவில் தூணும் ஸ்கூட்டியும் ஒரே வேகத்தில் நகர்ந்தால், ஸ்கூட்டி கடைசிவரை கண்ணில் படாது. பெரிய வண்டி ஓட்டுகிறவர்கள் திருப்பத்தில் தலையை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கப் பழக வேண்டும். வேறு மருந்து இல்லை.

திருப்பத்தில் ஹெரால்டுக்கும் ஒரு வியாதி உண்டு. பின்சக்கர ஆக்சில்கள் நடுவில் மட்டும் கீல் வைத்ததுபோல் மேலும் கீழும் ஆடும் வகை. வேகமாகத் திரும்பும்போது பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், வண்டியின் பின்புறம் மேலெழும்பி, வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கிப் பிடிப்பை விட்டுவிடும். அமெரிக்காவில் ரால்ஃப் நாடர் 1965-இல் எழுதிய புத்தகத்தின் முதல் இலக்கு, இதே வகை ஆக்சில் வைத்த ஒரு காரே. வண்டலூர்க்காரர்கள் 1972-இல் ஹெரால்டை மாற்றி ஸ்டாண்டர்டு கேஸல் என்று கொண்டுவந்தபோது, அந்த ஆக்சிலையே தூக்கிவிட்டு முழு ஆக்சிலைப் போட்டார்கள். அடக்கமான, சரியான தீர்வு. ஹைகிராஸில் இதற்கு நிகரான வேலையைச் செய்வது ஒரு கணினி: வண்டி ஸ்டீயரிங் சொன்ன அளவுக்குத்தான் திரும்புகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் ஒரே ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு வழிக்குக் கொண்டுவரும்.

இனி முதலில் சொன்ன 200 கிலோ. ஹைகிராஸில் அது உண்மையாவது எட்டு இருக்கையும் நிரம்பும்போது மட்டுமே. திருப்பதிக்குக் குடும்பத்தோடு போகையில் அதைவிடச் சிக்கனமான கார் பயணம் அரிது. ஒரே ஆள் அலுவலகத்துக்கு ஓட்டிப் போனால் அவருக்காக 1,600 கிலோ நகர்கிறது. ஹெரால்டில் தனியாகப் போனவருக்கு 800. பழைய கார் பிரியர்களின் நியாயம் இங்கேதான் வலுவாக நிற்கிறது, இதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். அவர்கள் இழந்துவிட்டதாக வருந்துவது கார்புரேட்டரையோ பாயிண்ட்டையோ அல்ல, சின்ன உருவத்தை.

அந்த உருவத்துக்குள் புதிய அறிவை வைக்க முடியுமா? 2020-இல் ஜப்பானில் வந்த டொயோட்டா யாரிஸ் ஹைபிரிட்டின் நீளம் 3.94 மீட்டர், ஹெரால்டைவிட ஐந்து சென்டிமீட்டர் கூடுதல். ஐந்து பேர் உட்காரலாம். அங்குள்ள சோதனை முறைப்படி லிட்டருக்கு 36 கிலோமீட்டர். ஐரோப்பிய மோதல் சோதனையில் யாரிஸ் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. எடை 1,050 கிலோ. நசுங்கும் முன்பகுதி, ஏர்பேக்குகள், ஏ.சி., பேட்டரி, மோட்டார், வினைவேக மாற்றி எல்லாம் சேர்ந்து ஹெரால்டின் மேல் ஏற்றிய சுமை 250 கிலோதான். அந்தக் கார் இந்தியாவில் விற்பனைக்கு வரவில்லை.